நாலுமணிக் காய்ச்சல்

எதிர்வீட்டு வாசல் கேற்றில் வேப்பிலை தொங்கியதைக் கண்ட காலையில் எனக்கு வந்தது பக்தி அல்ல, சந்தேகம்.

வேப்பிலை கட்டினால் அம்மாள் வருத்தம். உள்ளே ஒருவருக்குக் கொப்புளம் போட்டிருக்கிறது, வெளியார் வரக்கூடாது, குசினியில் பொரிக்கவோ தாளிக்கவோ கூடாது, தண்ணீர் வார்த்து முடியும்வரை மருந்து மாத்திரை என்று வாயே திறக்கக்கூடாது. எங்கள் ஒழுங்கை வீடுகளில் இது தெரியாத ஆள் இல்லை. "இவருக்கு அம்மாள் வந்திருக்கு அக்கா" என்று கனகாம்பிகை மதிலுக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னாள். இவர் என்பது அவளுடைய புருஷன் நமசிவாயத்தார். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய குசினிப் பக்கமிருந்து கடுகும் பெருஞ்சீரகமும் வெடிக்கிற மணம் வந்துவிட்டது.

"ஆருக்குக் கனகம் தாளிக்கிறாய்?"

"ஐயோ, பழக்கத்திலை போட்டிட்டன்" என்று அவள் உள்ளே ஓடினாள்.

எனக்கு அது காணும். அதுவும் போக, நமசிவாயத்தாரின் மூக்கில் இரண்டு வடு இருக்கிறது. அவர் அரைக்காற்சட்டை போட்ட காலத்தில் அம்மாள் வந்து விட்டுப்போன வடு. ஒருதரம் வந்தவருக்கு அம்மாள் லேசில் திரும்பி வருவதில்லை. போன வருடம் கொழும்புக்குப் போய் ஒரு கிட்னியை எடுத்துவிட்டு வந்து "கல்லு" என்று சொன்னபோதே எனக்கு ஒரு நெருடல் இருந்தது. கல்லுக்குக் கல்லை அல்லவா எடுப்பார்கள். பனங்கொட்டையில் கல் கிடந்தால் பனையையா தறிக்கிறோம் என்று அப்போது நாலு பேரிடம் கேட்டேன். அந்த நாலு பேரும் மற்ற நாலு பேரிடம் கேட்டார்கள். விடை கிடைக்கவில்லை.

நான் இதையெல்லாம் தோண்டுவதற்கு ஒரு நியாயமும் இருந்தது. நமசிவாயத்தாரின் ஒரே மகள் சாருஜா பிரதேச செயலகத்தில் வேலை. அவளுக்கு நெல்லியடியில் ஒரு சம்பந்தம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை கீர்த்திகன் ஜேர்மனியில் டொக்டர். ஆனால் நாடி பிடிக்கிற டொக்டர் இல்லை. ஆய்வுகூடத்தில் மனித உயிர்க்கலங்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்க்கிற டொக்டர். "எலிக்கு ஊசி போடுறவரோ?" என்று நான் கேட்டதற்குக் கனகம் ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். மருதனார்மடத்துச் சந்தியில் இறங்கி யாரைக் கேட்டாலும் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். மாப்பிள்ளையின் தாய் சுவர்ணா என்னை இரண்டுதரம் தொலைபேசியில் அழைத்துவிட்டா.

"குடும்பத்திலை பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ பூரணம் அக்கா?"

"நான் அறிய இல்லை" என்றேன். நான் அறிய இல்லை என்பது எனக்கே ஒரு அவமானமான பதில்.

வேப்பிலை கட்டி இரண்டு நாளில் அவர்கள் வீட்டுப் பிறிட்ஜ் மின்னலுக்குப் போய்விட்டது. திருத்த வந்தவன் கேற்றில் வேப்பிலையைக் கண்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். அன்று பின்னேரம் கனகம் ஒரு மைலோத் தகர ரின்னைச் சேலைத் தலைப்பில் மூடிக்கொண்டு என் குசினிக்குள் வந்தாள்.

"அக்கா, உதை உங்கடை பிறிட்ஜிலை வையுங்கோ. கோழிக்குப் போடுற ஊசி மருந்து. உறையவும் கூடாதாம், சூடாகவும் கூடாதாம்."

"வைக்கிறன். எந்தக் கோழி?"

அவள் போய்விட்டாள். அவர்கள் வளவில் கோழியும் இல்லை, கோழிக்கூடும் இல்லை.

அடுத்த நாள் மத்தியான இடைவேளையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கியது சாருஜா. ரின்னுக்குள் இருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். போகவில்லை. பிள்ளை மெலிந்திருந்தாள்.

"அன்ரி, உது கோழிக்கு இல்லை."

"தெரியும் பிள்ளை."

"கல்லும் இல்லை."

அதோடு முழுக்கதையும் வெளியில் வந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டேன். கிட்னியில் புற்று. எடுத்தாயிற்று. ஆனால் நுரையீரலில் இரண்டு பொட்டுப்போல் திரும்பியும் வந்திருக்கிறது. கொழும்பில் ஒரு ஆய்வுக்காக ஆட்களைச் சேர்த்தபோது அப்பாவையும் சேர்த்திருக்கிறார்கள். ஊசியைத் தோலுக்குக் கீழே போட இவளுக்குப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள். கீர்த்திகன் லீவில் வந்து நிற்கிறார், அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து. பதிவுக் கையெழுத்து விழும்வரை ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது அம்மாவின் முடிவு. ஊசி போட்டால் நாலு மணிக்குக் காய்ச்சல் அடிக்கும், தோல் சிவந்து உரியும். அதற்குத்தான் வேப்பிலை.

"காய்ச்சல் வாற மருந்தை ஆரும் காசு குடுத்துப் போடுவினமோ?"

"எங்கடை உடம்புக்குள்ளையே புற்றைக் கொல்லுற கலங்கள் கிடக்காம் அன்ரி. ஆனா சும்மா படுத்துக் கிடக்குதுகளாம். ஒரு கலம் மற்றதுக்குச் சேதி சொல்ல ஒரு சாமானை உடம்பு தானே செய்யும், அதுதான் இன்ரர்லூக்கின். உடம்பு செய்யிறது காணாதெண்டு வெளியாலையும் குடுக்கினம். அது போய்ச் சேர்ந்த உடனை எல்லாம் எழும்பி, ஒண்டு பத்தாகிச் சண்டைக்கு வெளிக்கிடுங்களாம். அந்த அமளிதான் காய்ச்சல்."

சேதியைக் கொண்டு ஓடுகிற ஒருத்தி உடம்புக்குள்ளும் தேவைப்படுகிறாள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. ஊருக்குள் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் வேறு.

"உதெல்லாம் ஆர் சொன்னது உனக்கு?"

அவள் குப்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கீர்த்திகன். என்ரை சிநேகிதி ஒருத்தியின்ரை அப்பாவுக்கு எண்டு கேட்டனான்."

சிரிக்கலாம்போல இருந்தது, சிரிக்கவில்லை. ஊரிலேயே அந்த மருந்தைப்பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர். ஊரில் எல்லாரையும்விட முதலில் ஒளிக்கவேண்டிய ஆளும் அவர்.

"கால் வீங்கினால், மூச்சு முட்டினால், சலம் போறது குறைஞ்சால் உடனை ஆசுபத்திரிக்குக் கொண்டு வரவேணும் எண்டவை. இரத்தக் குழாயாலை தண்ணி கசியுமாம். கிட்னியும் ஒண்டுதானே. நான் வேலைக்குப் போற நேரம் பயமாக் கிடக்கு. நீங்கள் கொஞ்சம் பாருங்கோ அன்ரி."

பார்ப்பதற்கு எனக்கு வேண்டுகோள் விடுத்த முதல் ஆள் அவள்தான்.

பார்த்தேன். நாலு மணி ஆனால் நமசிவாயத்தார் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இரண்டு போர்வைக்குள் இருப்பார். சித்திரை வெயில் வாழையிலையைச் சுருட்டுகிற நேரத்தில் அவருடைய பல் அடிப்பது ஒழுங்கையைத் தாண்டிக் கேட்கும். மிளகாய்த் தோட்டத்தில் நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிவிட்டுப் பகடி விட்டுக்கொண்டு வருகிற மனிதர். கேற்றடியில் என்னைக் கண்டால் கையைத் தூக்குவார்.

"பூரணம், உள்ளுக்கை கூட்டம் துவங்கீட்டுது."

"ஆர் தலைமை?"

"தெரியேல்லை. ஆனா எல்லாரும் ஒரேயடியாக் கத்துறாங்கள்."

ஐந்து மணிக்கு வேர்த்து ஊற்றும். ஆறு மணிக்கு மனிதர் துவைத்துப் பிழிந்த வேட்டிபோலக் கிடப்பார். எனக்கு இருப்புக் கொள்ளாது. மூன்றரைக்கே தேத்தண்ணியைக் கையில் எடுத்துவிடுவேன், குடித்ததாக நினைவு இருக்காது.

இந்த ஒழுங்கில் எல்லாம் ஓடியிருக்கும், வட்டுக்கோட்டையிலிருந்து சிவயோகம் வந்திறங்காவிட்டால். நமசிவாயத்தாரின் தமக்கை. தம்பிக்கு அம்மாள் என்று கேள்விப்பட்டு, ஓட்டோவில் இரண்டு குலை செவ்விளநீரோடு வந்தா. அவவிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அவவுக்குச் சொன்னால் வட்டுக்கோட்டைக்குச் சொன்ன மாதிரி. தம்பிக்கு முன்னமே ஒருக்கா அம்மாள் வந்தது அவவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அதற்கும் அவவிடம் விளக்கம் இருந்தது.

"அப்ப எங்கடை அம்மா வைச்ச நேர்த்திக்கடன் தீர்க்கேல்லை. அதுதான் அம்மாள் திரும்பி வந்து கேக்கிறா. சூட்டைத் தணிச்சு அனுப்பவேணும்."

கனகம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேப்பிலை அவிழும். அம்மாள் என்றால் இளநீர் குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் அது என்ன அம்மாள்? சாருஜா வேலைக்குப் போனதும் சிவயோகம் வாசலில் குந்தியிருந்து கத்தியால் சீவுவா. மூடி பறக்கும். "குடி தம்பி." நமசிவாயத்தார் தமக்கைக்குச் சின்னவயதிலிருந்தே பயம். குடிப்பார். ஊராரும் தங்கள் பங்குக்குக் கேற்றடியில் இளநீரை வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். மதிலோரம் வெறும் இளநீர்க் கோம்பைகள் குவிந்துகொண்டு வந்தன. எனக்கு அந்தக் குவியலைப் பார்க்க ஏனோ பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. இளநீரைப் பற்றிக் கெட்டதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை விடிய, நமசிவாயத்தார் விறாந்தைக்கு வருவதைப் பார்த்தேன். செருப்புக்குள் கால் போகவில்லை. இரண்டுதரம் நுழைத்துப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு கதிரைக்குப் போனார். பகடி இல்லை. கையும் தூக்கவில்லை.

மத்தியானம் நான் மைலோ ரின்னை நானே எடுத்துக்கொண்டு அவர்கள் பின்பக்கத்தால் போனேன். குசினிக்குள் தாயும் மகளும் குரலைத் தாழ்த்திச் சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஊசி போடேலாது அம்மா. கணுக்காலை அமத்தினால் குழி விழுது. விடியத்திலை இருந்து ஒருக்காத்தான் சலம் போனவர். இப்பவே கொண்டு போவம்."

"இண்டைக்குப் பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வருகினம். கேற்றடியிலை நிண்டு பாத்திட்டுப் போகட்டும். போன உடனை வெளிக்கிடுவம்."

"அம்புலன்சுக்கு எடுக்கட்டோ?"

"அது ஊளையிட்டுக்கொண்டு வந்து வாசலிலை நிக்கும். அவையளும் வந்து நிப்பினம். பிறகு நீ இந்த வீட்டிலையே கிட." சொல்லிவிட்டுக் கனகம் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு மட்டும் விருப்பமே பிள்ளை? அந்த மனிசன் இந்த எழுத்தைப் பாக்கவெண்டுதானே ஊசியைக் குத்திக்கொண்டு கிடக்குது."

சாருஜா என்னைப் பார்த்தாள். கனகமும் என்னைப் பார்த்தாள். ஊரில் உள்ள எல்லார் விஷயத்துக்கும் உடனே ஒரு கருத்துச் சொல்லுகிற நான் ரின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் ஒரு பிள்ளையின் கலியாணம் போகும். திறக்காவிட்டால் ஒரு மனிதர் போவார். விறாந்தையில் அவர் மூச்சு விடுவது குசினிவரை கேட்டது.

அப்போது வாசலில் ஒரு வான் வண்டி வந்து நின்றது. பின்னேரம் வருகிறோம் என்றவர்கள் சாப்பிட்ட கையோடு வந்துவிட்டார்கள்.

கனகம் முன்னுக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க என்னால் முடியாது. சிவயோகம் கேற்றின் நடுவில் நின்றா. சுவர்ணா வேப்பிலையைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு வானுக்குள்ளேயே இருந்தா. கீர்த்திகன் மட்டும் இறங்கினான். மெல்லிய பிள்ளை, கண்ணாடி. கதிரையில் சாய்ந்திருந்த நமசிவாயத்தாரைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான்.

"உள்ளுக்கை வரப்படாது தம்பி" என்றா சிவயோகம். "அம்மாள் நிக்கிறா. அதிலை நிண்டு கும்பிட்டிட்டுப் போங்கோ. தண்ணி வார்த்த பிறகு எல்லாம் கதைப்பம்."

"கொப்புளம் ஒண்டையும் காணேல்லை."

"உள்ளாலை போட்டிருக்கு."

அவன் மதிலோரம் இருந்த கோம்பைகளைப் பார்த்தான். "உவ்வளவும் ஆர் குடிச்சது?"

"பின்னை ஆர்? நான்தான் என்ரை கையாலை வெட்டிக் குடுத்தனான்." அவவின் குரலில் பெருமை இருந்தது.

கீர்த்திகனின் முகம் மாறியது. சிவயோகத்தைத் தாண்டி, விறாந்தைத் தூணோடு நின்ற சாருஜாவைப் பார்த்தான். சத்தம் போடாமல்தான் கேட்டான்.

"சாரு, உங்கடை சிநேகிதியின்ரை அப்பா எப்பிடி இருக்கிறார்?"

சாருஜா தாயைப் பார்த்தாள். கனகம் நிலத்தைப் பார்த்தாள். வானுக்குள் சுவர்ணா கழுத்தை நீட்டினா.

நான் சிவயோகத்தின் தோளுக்கு மேலால் மைலோ ரின்னை நீட்டினேன்.

"தம்பி, உது உங்கடை பகுதிச் சாமானோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

அவன் மூடியைத் திறந்து ஒரு குப்பியை வெயிலில் பிடித்து வாசித்தான். அதற்கு நேரம் எடுக்கவில்லை.

"எத்தினை கிட்னி அவருக்கு?"

"ஒண்டு" என்றாள் சாருஜா. "கால் வீங்கீட்டுது. சலமும் போகேல்லை."

"இளநீரிலை பொற்றாசியம் நிறையக் கிடக்கு. கிட்னி அதைக் கழிச்சு வெளியிலை அனுப்பவேணும். இந்த மருந்துக்கு அவற்ரை கிட்னி அரைவாசிதான் வேலை செய்யும். கழிபடாமல் நிண்டால் இதயம் நிண்டிடும். வானைத் திருப்பச் சொல்லுங்கோ."

"அம்மாளைத் தாண்டி வெளிக்கிடப் போறியளோ?" சிவயோகம் இரண்டு கையாலும் கேற்றைப் பிடித்தா. "என்ரை தம்பியைக் கொல்லப் போறியளோ?"

அப்போதுதான் கனகம் அசைந்தாள். நடந்து வந்து கேற்றுக் கம்பியில் கட்டியிருந்த வேப்பிலையைப் பிடித்து இழுத்தாள். சணல் கயிறு இறுக்கம். முதல் இழுவையில் இலைதான் உருவிக்கொண்டு வந்தது. பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

"அம்மாள் இல்லை மச்சாள். புற்றுநோய்."

ஒழுங்கையில் அந்தச் சொல்லை அவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாரும் "அந்த வருத்தம்" என்றுதான் சொல்வோம். நானும்தான்.

கீர்த்திகனும் சாருஜாவும் இரண்டு பக்கமும் பிடித்து அவரைக் கொண்டு வந்தார்கள். கேற்றடியில் நமசிவாயத்தார் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். தமக்கையைப் பார்த்து, "அக்கா, இனி இளநீர் வேண்டாம்" என்றார். இவ்வளவு நாளும் அவரால் சொல்ல முடியாமல் இருந்தது அதுதான்.

வானில் முன்சீட்டுக்குப் பின்னால் சுவர்ணா இருந்தா. நான் அவவின் முகத்தைத்தான் பார்த்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டு கடைசிச் சீட்டுக்குப் போய்க் காலை ஒடுக்கி இருந்தா. நமசிவாயத்தார் காலை நீட்ட இடம் வந்தது.

வான் போன பிறகு சிவயோகம் கோம்பைக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தினா. "நான் நஞ்சோ குடுத்தனான் பூரணம்?" என்றா. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெரியாசுபத்திரியில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே பொற்றாசியத்தை இறக்கினார்களாம். இன்னும் ஒரு இரவு வைத்திருந்திருந்தால் இறக்க ஆள் இருந்திருக்காது என்று சொன்னார்களாம். கொழும்புக்காரர் ஊசியை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, எழுத்து நடக்கவில்லை. கீர்த்திகனின் லீவும் முடிந்தது. ஆசுபத்திரியில் அவரைப் பார்த்துவிட்டு ஜேர்மனிக்கு ஏறினான். நெல்லியடியிலிருந்து சத்தமே இல்லை. ஒழுங்கைக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் சொன்னேன்.

கனகம் கைத்தொலைபேசியைக் குசினி யன்னலில் வைத்துவிட்டு மரக்கறி நறுக்குவாள், எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். நான் என் வீட்டில் அதையே செய்தேன். பிள்ளை மட்டும் ஒன்றுக்கும் முகம் கொடுக்காமல் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வந்தாள்.

வைகாசி பாதியில் இரத்தப் பரிசோதனைகள் சரியாகி, அளவைக் குறைத்து ஊசியைத் திரும்பவும் தொடங்கினார்கள். நுரையீரல் பொட்டுக்கள் பெருக்கவில்லை, சுருங்கவும் இல்லை. இனித்தான் தெரியும் என்றார்கள். முதல் ஊசி அன்று எங்கள் ஒழுங்கைக்கே வேலை ஓடவில்லை. காய்ச்சல் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று இல்லை, இரண்டும் வேறு வேறு என்று கீர்த்திகன் சாருஜாவுக்கு எழுதியிருந்தான். கலியாணப் பேச்சு அதில் இல்லை. காய்ச்சல் விஷயத்தை அவள் எங்களுக்கு இரண்டுதரம் விளக்கினாள். ஒருவரும் காதில் போடவில்லை.

நாலு மணி. நமசிவாயத்தார் விறாந்தையில், போர்வை மடியில். கனகம் கதவடியில். சிவயோகம் அன்றைக்கென்று வட்டுக்கோட்டையிலிருந்து வெறுங்கையோடு வந்து படியில் இருந்தா. நான் எதற்கு ஒளிக்க, கேற்றைத் திறந்துகொண்டு உள்ளேயே போய் நின்றேன்.

"குளிருதோ அண்ணை?"

"இல்லை."

"ஒரு துளியும்?"

"எல்லாரும் உப்பிடிச் சுத்தி நிண்டு பாத்தால் உள்ளுக்கை உள்ளவங்களுக்கு வெக்கம் வராதே?"

நாலரை ஆயிற்று. சிவயோகம் முழங்காலை ஆட்டிக்கொண்டிருந்தா. சாருஜா வெப்பமானியை எடுத்துப் பார்த்து உதறினாள். ஐந்துக்குக் கிட்ட, அவருடைய விரல் போர்வையின் கரையைத் தேடியது. தாடை ஒருக்கால் அடித்தது. பிறகு இன்னொருக்கால்.

"கூட்டம்?" என்றேன்.

"ஆக்கள் வரத் துவங்கீட்டினம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

கனகம் இரண்டாவது போர்வையை எடுக்க உள்ளே போனாள். போனவள் உடனே வரவில்லை. அவளுடைய தொலைபேசி அல்ல, என்னுடையதுதான் அடித்தது. நெல்லியடி இலக்கம்.

"பூரணம் அக்கா," என்றா சுவர்ணா. வேறு ஏதும் விசாரிக்கப் போகிறா என்று நான் முதுகை நிமிர்த்தினேன். "தம்பி ஜேர்மனியிலை இருந்து மூண்டுதரம் எடுத்திட்டான். சாரு போனைத் தூக்கிறாளில்லையாம். சம்பந்திக்குக் காய்ச்சல் வந்திட்டுதோ எண்டு கேக்கிறான்."

சம்பந்தி என்றா. நான் அதை அவவிடம் திரும்பக் கேட்கவில்லை. எனக்கு ஒருதரம் கேட்டால் காணும்.

"வந்திட்டுது," என்றேன். "நல்லா அடிக்குது."